கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்

என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் "அவர்" என்றுதான் எழுத வருகிறது. "அவள்" என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல இருந்தது. எழுந்துபோய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை வெட்டினேன். அவர் நாங்கள் வேலை செய்த பண்ணையை விட்டுப் போய்ப் பல வருடங்கள். பயம் மட்டும் ஓய்வு பெறாமல் என்னிடம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அவர் யாரையும் அதட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. ஏறத்தாழ ஐந்தடி உயரம். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த "ஏறத்தாழ" என்ற சொல்லைப் பாவித்திருக்க மாட்டேன். மற்றப் பெண்கள் தோள்பையில் சீப்பு வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார்.

முதல் நாளே தொடங்கியது. மாட்டுக் கொட்டிலில் நான் ஒரு தொட்டிக்கு வைக்கோல் போட்டுவிட்டு, மரியாதைக்காகச் சொன்னேன்:

"கொஞ்சம் கூடப் போட்டிட்டன் போல கிடக்கு."

"கொஞ்சம் எண்டா எத்தனை கிராம், அங்கிள்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காத்து நிற்கத் தெரியும். எதிரே நிற்கிறவருக்குத்தான் நிற்கத் தெரியாமல் போகும். கடைசியில் நான் தொட்டிக்குள் தலையை விட்டு, கூடப் போட்டதை அள்ளி, நிறுத்துப் பார்த்தேன்.

"அறுநூற்று நாற்பது."

"இனி கொஞ்சம் எண்டு சொல்லாதேங்கோ. அறுநூற்று நாற்பது எண்டு சொல்லுங்கோ."

அவர் சுவிஸில், பாடனில் பிறந்து வளர்ந்தவர். தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த தமிழ், வந்த நாளோடு உறைந்துபோன தமிழ், அதை அப்படியே கதைப்பார். நாங்கள் "ஓம்" என்று சொல்கிற இடத்தில் மட்டும் "கெனாவ்" என்பார். "மிகச்சரி" என்று இந்த ஊர் பாஷையில் பொருள். அது வெறும் பேச்சுப் பழக்கம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மிகச்சரியாக இல்லாவிட்டால் அவர் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை.

பேர்னில் பூம்ப்ளிஸ் பக்கத்துக் கோயிலில் ஒருமுறை அன்னதானத்துக்கு உட்கார்ந்திருந்தார். பரிமாற வந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் போடட்டோ பிள்ளை?" என்று கேட்டார். "எவ்வளவு?" என்றார் இவர், உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக. அந்த அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அதற்குப் பிறகு பரிமாறுகிறவர்கள் அவர் இருக்கும் பந்தியைச் சற்று வேகமாகக் கடந்துபோவார்கள்.

மகள் என்ன வேலை என்று கோயிலில் யாரும் கேட்டால் தாயார் "மிருக டொக்டர்" என்று சொல்லி நிறுத்திவிடுவார். மேலே கேட்டால் சிக்கல். சுத்த சைவக்காரரான அந்த மகள் மாட்டிறைச்சியை வாயில் வைத்ததில்லை; ஆனால் அதன் குறுக்குவெட்டுப் படத்தைக் கணினியில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்புத் தசைக்குள் வெள்ளைக் கொழுப்பு எத்தனை கோடாக ஓடுகிறது, எவ்வளவு மெல்லியதாக ஓடுகிறது என்று எண்ணுவார். அந்தக் கோடு ஓடினால்தான் இறைச்சி மெத்தென்று இருக்குமாம். ருசி பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நான் பேர்னுக்கும் ஃப்ரீபூர்க்குக்கும் இடையில் இருந்த அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குக் கீழே தீன் போடுகிறவன். ஊரில் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்தவன். மாடுகளைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். மாடுகள் என்னைப் பற்றி ஒன்றும் படித்திருக்கவில்லை. ஆகவே முதல் வாரமே இரண்டு தடவை வேலியோடு வைத்து நசுக்கின.

அப்போது என்னிடம் இருந்தது எஃப் அட்டை. தற்காலிகமாக இருந்துகொள்ளலாம் என்று பொருள். நானும் மனைவியும் மகளும் ஏழாவது வருடமாகத் தற்காலிகமாக இருந்துகொண்டிருந்தோம். நிலையான பி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் தேவை: இவர் நம்பத்தகுந்தவர், தொடர்ந்து வைத்திருப்போம் என்று. அந்தக் கடிதத்தை எழுதவேண்டியவர் அவர்.

"ரெண்டு வருஷம் பாத்துத்தான் எழுதுவன், அங்கிள். பாக்காமல் எழுதமாட்டன்."

ஆகவே நான் அவருக்குப் பயந்ததில் தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சி இதுதான். சினைப்பட்ட இறைச்சி மாடுகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சிவப்புக் கழுத்துப்பட்டிக்கு நிறைவான தீன். நீலப்பட்டிக்கு நடுமாதங்களில் புல்லோடு வைக்கோல் கலந்து, குறைத்த தீன். பட்டினி இல்லை, அனுமதி எடுத்து, வாராவாரம் உடம்பு பார்த்துச் செய்கிற குறைப்பு. பட்டியில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். மாடு தன் தொட்டிக்குப் போனால்தான் கதவு திறக்கும். எவ்வளவு தின்றது என்று தொட்டியே நிறுத்து எழுதிக்கொள்ளும்.

"தாய் தின்னுறது கண்டுக்குட்டியின்ர இறைச்சியில தெரியுமோ எண்டு பாக்கிறம்," என்றார். "தசைநார் எத்தனை எண்டது வயித்துக்குள்ளயே முடிவாகுது. நாருக்கு இடையில வாற கொழுப்பும் அங்கதான் தொடங்குது."

"பிறந்த பிறகு நல்லாக் குடுத்தால் சரிவந்திடாதோ?"

"அதுதான் கேள்வி."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"நான் நினைக்கிறேல்லை, அங்கிள். அளக்கிறன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீலப்பட்டியில் இலக்கம் பதினேழு. வெள்ளை முகம். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை நான் தனியாக நின்றபோது வந்து என் தோளில் தலையை வைத்து மூச்சு விட்டது. அறுநூறு கிலோ உயிரொன்று தோளில் தலைவைத்தால் மனிதன் கையில் இருப்பதைக் கொடுப்பான். என் சட்டைப்பையில் கோயில் அர்ச்சனைத் தட்டத்தில் வந்த இரண்டு வாழைப்பழம் இருந்தது. பயத்தில்தான் கொடுத்தேன். பக்தி அதற்குப் பிறகு, ரயிலில் வரும்போது சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை, சினைப்பசு, கோயில் பழம்! எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

"பிள்ளைத்தாச்சி மாட்டுக்கு வைக்கோலோ குடுக்கிறியள்?"

"வைக்கோல் மட்டும் இல்லை, புல்லும் இருக்கு. டொக்டர் பாத்துத்தான்..."

"எத்தினை மாதம்?"

"அஞ்சு."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

"எனக்கும் அஞ்சாம் மாதத்திலதான் ஒண்டும் கிடைக்காமல் போனது."

வன்னியின் கடைசி மாதங்கள். பதுங்குகுழி, வரிசை, உப்பில்லாத கஞ்சி. சில நாள் வரிசை மட்டும். பிள்ளை முகாமில் பிறந்தது. அன்று நிறுத்த எடையை ஒரு அட்டையில் எழுதித் தந்தார்கள். அந்த அட்டையை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள், யாருக்கும் காட்டுவதில்லை. பேர்னில் மூன்று டொக்டர்கள் பிள்ளையைப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். மூன்று முறையும் அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "உவையள் எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள். மகளுக்கு அப்போது பத்து வயது. மெலிந்த பிள்ளை. "காணும் அம்மா, போதும்" என்று கையால் சோற்றுக் கோப்பையை மூடினாலும், அந்த விரல்களுக்கு மேலால் இன்னுமொரு அகப்பை சோறு விழும்.

அடுத்த நாள் காலை கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. மனைவி துப்புரவு வேலை செய்த வெதுப்பகத்தில் சுட்டு, விற்காமல் மிஞ்சிய பாண் ரொட்டி. எடுத்துக்கொண்டு போனேன். நான் ஆறு மணிக்குக் கொட்டிலுக்குப் போவேன், மற்றவர்கள் ஏழு மணிக்கு வருவார்கள். தொட்டி நிறுக்கும், கையிலிருந்து நேரே வாய்க்குப் போகும் பாணை நிறுக்க அதற்கு வழியில்லை.

இப்படி மூன்று மாதம். ஒரு விஞ்ஞான ஆராய்ச்சியின் நடுவே நான் ரகசியமாக அன்னதானம் நடத்தினேன்.

திங்கட்கிழமைகளில் அவர் ஒவ்வொரு மாடாகத் தடவிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு விலாவில் கையை வைப்பார், பிறகு வாலடியில். ஒரு எண் சொல்வார், நான் எழுதவேண்டும். நான்காவது திங்கள், பதினேழில் கை நின்றது. மறுபடி விலா. மறுபடி வாலடி. கண்ணைத் திறந்தார்.

"இவள் ஏன் மெலியேல்லை?"

மாடு என்னைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்க்கவில்லை.

"சில உடம்பு அப்பிடி," என்றேன்.

"எப்பிடி?"

நல்லவேளை, அவர் சந்தேகப்பட்டது தராசை. மாடு நிறுக்கும் மேடையைச் சரிபார்க்க இருபது கிலோ இரும்புப் படிகள் வந்தன. தூக்கிப்போய் வைத்தவன் நான். இருபது, நாற்பது, அறுபது என்று முப்பது படி. என் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது என்பதை என் முதுகால் நிரூபித்தேன். நாவல்களில் குற்றவாளிகள் மனச்சாட்சி உறுத்தி மெலிவார்கள். எனக்கு இடுப்புத்தான் பிடித்தது.

"தராசு சரி," என்றார். "அப்ப வேற என்ன?"

அதற்குப் பிறகு அவர் பதினேழின் சாணத்தை அலசத் தொடங்கினார். தண்ணீர் விட்டு, சல்லடையில் ஊற்றி, மிஞ்சுவதைத் தட்டில் பரப்புவது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைத் தட்டில், கழுவித் துடைத்து, ஐந்து ஆளிவிதை. பக்கத்தில் பாதிச் சூரியகாந்தி விதை. இந்த நாட்டுப் பாணில் விதை போடுவார்கள் என்பதை அந்த நிமிடம்வரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

"இது எங்களின்ர தீனில இல்லை, அங்கிள்."

கூரையில் ஏதோ கீச்சிட்டது.

"குருவி," என்றேன். "குருவியள் கொண்டுவந்து சிந்துதுகள் போல."

வேறொருவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார், அல்லது என்னைப் பிடித்திருப்பார். அவர் குருவியை அளந்தார். ஒரு வாரம் ஏணியில் ஏறி இருந்து எண்ணினார். பிறகு கொட்டிலின் எல்லா ஜன்னலுக்கும் வலை கட்டச் சொன்னார். ஏணியைப் பிடித்தவன் நான். அன்று வீட்டுக்குப் போய், "வலை கட்டியாச்சு, இனி நிப்பாட்டுவம்" என்றேன். மனைவி யோசித்துவிட்டு, "இனி வெள்ளைப் பாண் தாறன்" என்றாள்.

விதை நின்றுவிட்டது. இரண்டு வாரம் அலசினார். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பை நான் முதன்முதல் பார்த்தது அன்றுதான்.

"கெனாவ், அங்கிள். நீங்கள் சொன்னது சரி. குருவிதான்."

அவரது குறிப்பேட்டில் அது ஏறியது. அளக்காத எதையும் நம்பாத ஒரு மனுஷி, அளந்து பார்த்து, என் பொய்யை நம்பினார். அதற்கு முன்னால் நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. வேலை போய்விடும், கடிதம் போய்விடும், அட்டை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு எல்லை இருந்தது. இது வேறு. பொய் சொல்லாத ஒருவரை நான் பொய் எழுத வைத்துவிட்டேன்.

கன்றுகள் பிறந்தன. பதினேழுக்கு ஆண்கன்று. புல்லில் துள்ளியது. எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் அதை ஒரு சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் உழவு இயந்திரம் ஓட்டும் சுவிஸ்காரப் பெரியவரின் நாய்க்கு வருத்தம் வந்தது. பெரியவர் கண் கலங்கி நின்று, "பிழைக்குமா?" என்று எங்கள் டொக்டரிடம் கேட்டார். யாராக இருந்தாலும் பிழைக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் "தெரியாது" என்றார். பெரியவர் முகம் செத்துப்போனது. ஆனால் அதன்பிறகு பதினொரு நாள் காலையும் மாலையும் போய் அந்த நாயின் காய்ச்சலை அளந்து எழுதியவரும் அவர்தான். நாய் பிழைத்ததா என்று கேட்காதீர்கள். பிழைத்தது. ஆனால் பிழைக்கும் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

காலம் வந்தபோது கன்றுகள் இறைச்சியாகின. நான் அன்று லீவு போட்டேன். மறுவாரம் ஒரு பின்னேரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடித உறை இருந்தது. இரண்டு வருடம் முடிந்திருந்தது.

"உங்கட கடிதம் எழுதியாச்சு. முத்திரை குத்தி நாளைக்குத் தாறன். முதல் இதைப் பாருங்கோ."

கணினித் திரையில் இரண்டு இறைச்சித் துண்டுகளின் படம். ஒன்று வெறுஞ்சிவப்பு. மற்றதில் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோடுகள், கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல. கீழே தாயின் இலக்கம்: பதினேழு.

"நீலப்பட்டியிலயே ஆக நல்லது இதுதான். சிவப்புப்பட்டிக்குக் கிட்ட வருது. குருவி சிந்தின விதையில இவ்வளவு வராது, அங்கிள். நான் ஏதோ விட்டிட்டன்." கண்ணைக் கசக்கினார். "பதினேழு திரும்பச் சினையாயிருக்கு. அடுத்த தடவையும் நீலப்பட்டியிலதான் போடப்போறன். இந்தமுறை இன்னும் குறைச்சு. காலமை அஞ்சு மணிக்கு நானே வந்து நிப்பன்."

உறை ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெள்ளை முகத்தை நினைத்தேன். இன்னும் குறைச்சு, என்றாரே. குழாயை மூடிய சத்தம் காதில் கேட்டது.

"பிள்ளை, அது குருவி இல்லை."

"எது?"

"விதை. அது பாண். நான்தான் குடுத்தனான். மூண்டு மாதம்."

அவர் என்னைப் பார்த்தார். மூலையில் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது: பாவம், புண்ணியம், சைவம், மனிதாபிமானம், நடுவில் இரண்டு மேற்கோள். ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்டதும் தொடங்கவேண்டும்.

அவர் குறிப்பேட்டை எடுத்தார்.

"எத்தனை கிராம்?"

இதற்கு மட்டும் நான் தயாரிக்கவில்லை.

"ஒரு பை..."

"பை எண்டா?"

"மனிசிக்குத்தான் தெரியும்."

"எடுங்கோ ஃபோனை."

மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கிறமாதிரிச் செய்தார். மனைவி எடுத்தாள். நான் வாயைத் திறக்கமுதல் அவர் கேட்டார்:

"அன்ரி, பதினேழாம் நம்பர் மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாண் குடுத்துவிட்டனீங்கள்?"

"ஐயோ பிள்ளை, அவரை வேலையால நிப்பாட்டிப் போடாதேங்கோ. நான்தான்..."

"அது பிறகு, அன்ரி. எத்தனை பாண்?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"எந்த நாள் அஞ்சு?"

"திங்கள். ஞாயிறு கடை பூட்டு, சனிக்கிழமையில மிஞ்சினது கிடக்கும்."

"வேற?"

"வெள்ளிக்கிழமை வாழைப்பழம் ரெண்டு," என்றேன் நான்.

"தோலோடவோ?"

"தோலோட."

எழுதினார். "விதை போட்ட பாண் எத்தனை நாள், அன்ரி?"

"முதல் விதை போட்டதுதான். பிறகு இவர் வந்து வலை கட்டியாச்சு எண்டார். பிறகு வெள்ளைப் பாண்."

பேனா நின்றது. மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதட்டாத, உயராத, ஐந்தடி உயரப் பார்வை. நான் வன்னியில் ஷெல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் படுத்துத் தப்பலாம். இங்கே படுக்க இடம் இல்லை. அவர் பழைய பக்கத்தைப் புரட்டி, "குருவி" என்று எழுதியிருந்த வரியை அடிமட்டம் வைத்து ஒரே கோடாக வெட்டினார்.

"பிள்ளை," என்று ஃபோனிலிருந்து குரல் வந்தது. "அந்தக் கண்டு எப்பிடி வந்தது?"

"நல்ல இறைச்சி, அன்ரி. நீலப்பட்டியிலயே ஆக நல்லது."

"அப்ப தாய் சாப்பிட்டது பிள்ளையில தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் அஞ்சாம் மாதத்திலயிருந்து கஞ்சித் தண்ணியோட கிடந்தனான், பிள்ளை. சில நாள் அதுவும் இல்லை. என்ர பிள்ளையில என்ன தெரியும்?"

பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் நடமாடிய கேள்வி அது. நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பதில் வந்துவிடும் என்ற பயம். ஒன்றும் இல்லை அன்ரி, பயப்படாதேங்கோ என்று சொல்லும்படி அவரைக் கண்ணால் கெஞ்சினேன். பொய் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒரேயொரு பொய். கிராம் கணக்கில்கூட வேண்டாம், கொஞ்சம்.

"எனக்குத் தெரியாது, அன்ரி," என்றார். "நான் மாட்டைத்தான் அளந்தனான். மனிசரை அளக்கேல்லை."

அவர் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஆனா ஒண்டு தெரியும். பதினேழாம் நம்பரை வைச்சு நான் ஒண்டும் எழுதமாட்டன். ஒண்டை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. கனக்க மாட்டை அளந்தா, கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். ஒரு கண்டு எப்பிடி எண்டு அந்தக் கண்டைப் பாத்தால்தான் தெரியும்." பேனாவை மறுபடி எடுத்தார். "உங்கட பிள்ளை எப்பிடி இருக்கிறா?"

மனைவிக்குக் கேள்வி விளங்க நேரமெடுத்தது.

"பள்ளிக்கூடத்தில நீந்தக் கூட்டிக்கொண்டு போனவை. நிப்பாட்டாமல் மூண்டு நீளம் நீந்தினவவாம்."

"மூண்டு நீளம் எண்டா எத்தனை மீற்றர்?"

"எழுபத்தைஞ்சு எண்டு சொன்னவ."

பாணுக்கும் வாழைப்பழத்துக்கும் கீழே, ஒரு வரி இடம் விட்டு, அவர் அதையும் எழுதினார்.

மறுநாள் எனக்கு இரண்டு உறை கிடைத்தது. ஒன்றில் எழுத்துமூல எச்சரிக்கை. மற்றதில் பழைய கடிதம், கடைசியில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்து: தன் தவறுகளைத் தானே சொல்வார், பிந்திச் சொல்வார், ஆனால் அளவோடு சொல்வார்.

"ரெண்டையும் சேர்த்துக் குடுங்கோ," என்றார்.

"எச்சரிக்கையையுமோ?"

"கெனாவ்."

கொடுத்தேன். கொடுக்காமல் விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். பி அட்டை அதற்கு நாலு மாதம் கழித்து வந்தது. பதினேழு சிவப்புப்பட்டிக்கும் போகவில்லை, நீலத்துக்கும் போகவில்லை. ஆராய்ச்சிக்கு உதவாத மாடு என்று மலைப்பக்கம் மேயப் போய்விட்டது. அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி உண்டு: திட்டமிடாத உணவு பெற்றதால் ஒரு விலங்கு கணக்கில் சேர்க்கப்படவில்லை. விஞ்ஞானத்துக்கு நான் செய்த முழுத் தொண்டும் அந்த வரிதான். என் பெயர் இல்லை. அவர் விட்டுவிட்ட ஒரே விவரம் அது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் எழுத வைத்தது, அந்த ஃபோனுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு. மகள் பாதிக் கோப்பையில் கையை வைத்து மூடி, "காணும் அம்மா" என்றாள். மனைவியின் அகப்பை வழக்கம்போலச் சோற்றோடு வந்து அந்த விரல்களுக்கு மேலே நின்றது. நான் பார்த்தேன். மகளும் பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பதற்கு அவர் பக்கத்தில் இல்லை.

பிறகு அகப்பை சட்டிக்குத் திரும்பிப் போனது.